அலீனா ஷார்ப் பண்ணாத படம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு வாசலை ஒட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து ஜூஸ் கடையைப் பார்த்தாற்போல, ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை. இடது பக்கம் சர்ஃபராஸ், செல்போன் ரிப்பேர். வலது பக்கம் அவன் மனைவி அலீனா, போட்டோவும் பிளக்ஸ் டிசைனும். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அது எதற்கு என்று கேட்டால் சர்ஃபராஸ், "தூசிக்கு" என்பான். அலீனா, "இவரு பேச்சுக்கு" என்பாள்.

உண்மையில் பேச்சு யாருடையது என்று ஜூஸ் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். அலீனா வாய் திறந்தால் திருவண்ணாமலை பஸ்ஸின் ஹாரனே அடங்கிப் போகும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமியார் வீட்டில் அரிசி களைகிற நேரத்தில் கூட மவுசைப் பிடித்த மாதிரி விரலை ஆட்டிக்கொண்டிருந்தாளாம். அப்படிக் கற்றுக்கொண்ட வேலை. காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா, கபடிப் போட்டியா, சுற்று வட்டாரத்தில் யார் முகம் எங்கே பெரிதாக நிற்க வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள்.

அலீனாவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது மங்கல். மங்கலான படத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும். கம்ப்யூட்டர் திரையில் ஷார்ப் பண்ணுகிற அந்தச் சின்னக் கோலை மவுசால் பிடித்து வலது பக்கம் இழுத்துக்கொண்டே போவாள். கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், சட்டைப் பொத்தானில் நூல் தெரிய வேண்டும். அதுதான் அவள் பெருமை. அதுதான் அவளுக்கு வினையும் வைத்தது.

நடந்தது இதுதான். ஒரு கல்யாண பிளக்ஸ். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படம். விடுவாளா? இழுத்தாள், இன்னும் இழுத்தாள். மறுநாள் மண்டபத்து வாசலில் மணப்பெண் மேலுதட்டில் இருந்த பூனை முடியெல்லாம் மீசையாகக் கறுத்து நின்றது. மாப்பிள்ளைக்கு இருந்ததை விடக் கூடுதலாகவே இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. பெண்ணின் அத்தை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, பத்து ஊர்க்காரர்கள் கேட்க, அலீனாவை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஆர்டரெல்லாம் திண்டிவனம் ரோட்டில் புதிதாகத் திறந்த கடைக்கு நழுவ ஆரம்பித்தது. சின்னப் பசங்க அவள் கடைக்கு 'மீசைக் கடை' என்று பேர் வைத்தார்கள். அலீனா சிரித்துச் சமாளித்தாள். ஆனால் வீட்டில் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் சிங்கவரத்து ரஞ்சித் ஒருநாள் காலையில் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் உள்ளே ஓடி வந்தான்.

"அக்கா! கோல்டு அடிச்சிட்டாக்கா! எங்க ஊரு கலைவாணி! நீளம் தாண்டுறதுல இந்தியாவுலயே பஸ்ட்டு! நாளைக்கி காலைல மெட்ராஸ் பஸ்ஸுல வந்து எறங்குது. பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருபது அடி பிளக்ஸ். மோளம் சொல்லியாச்சி, மால சொல்லியாச்சி. பிளக்ஸ் மட்டும் நீதான்!"

"நானா? அந்தப் புதுக் கடைய வுட்டுட்டா?"

"அவன் கிட்ட போனேன். இந்த போட்டோவ பெரிசாக்க முடியாதுன்னுட்டான்" என்றான் ரஞ்சித். பொய் சொல்லத் தெரியாத பையன்.

படத்தை அவள் போனுக்கு அனுப்பினான். பார்த்ததும் அலீனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கலைவாணி அந்தரத்தில் இருந்தாள். கால் இரண்டும் முன்னால், கை இரண்டும் மேலே, வாய் திறந்தபடி, பின்னல் நட்டுக்குத்தலாக எழும்பி. அவளுக்குக் கீழே மணல். மணலில் ஓரமாக ஏதோ கறுப்பாக ஒரு தீற்றல். ஆனால் எல்லாமே தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி கலங்கிக் கிடந்தது.

"வேற போட்டோ இல்லியா?"

"மெடலோட நிக்கிறது இருக்குது. அது யாருக்கு வேணும்? தாண்டறாப்புல இது ஒண்ணுதான். அப்புறம், கீழ எங்க பசங்க மொகமெல்லாம் வரிசையா வரணும். போன தடவ எம் மூஞ்சிய ஓரத்துல தள்ளிட்ட."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. யாரை வரவேற்கிறோமோ அவர் முகம் மேலே. வரவேற்கிறவர்கள் முகமெல்லாம் கீழே, கூலிங் கிளாசோடு, அறுவடைக்குப் பிறகு அடுக்கிய மூட்டை மாதிரி. அந்த வரிசையில் யார் முதலில், யார் முகம் பெரிது என்பதில் ரத்த சொந்தமே பேச்சை நிறுத்தியிருக்கிறது.

"அவங்க நைனா மொகம் வரணுமா?" என்று அலீனா கேட்டாள்.

ரஞ்சித் பெருமூச்சு விட்டான். "அதான்க்கா சங்கடம். ஸ்போர்ட்ஸ் ஆஸ்டல்ல எடம் கெடச்சப்ப, தாயில்லாத பொண்ண அனுப்ப மாட்டேன்னு நின்னாரு தேவேந்திரன் பெரிப்பா. இது அடம்புடிச்சி கெளம்பிடுச்சி. தெருவே பாக்க, உன் ஆட்டத்த எங் கண்ணால பாக்க மாட்டேன்னு கத்திட்டாரு. இதுவும் அவருக்குப் பொறந்ததுதானே? நீ வந்து நான் தாண்டறத பாக்கற வரிக்கும் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போச்சி. நாளைக்கும் பஸ் ஸ்டாண்டோட மாலைய வாங்கிக்கினு அடுத்த பஸ்ஸுல திரும்பிடுமாம்."

"அடப் பாவி! தங்கத்த வாங்கிக்கினு வாசல் வரிக்கும் வந்துட்டு வூட்டுக்குப் போவாதா?"

"போவாது. ரெண்டுமே இறங்கி வராத ஜென்மம். வுடுக்கா, நீ பிளக்ஸப் பாரு. சாயங்காலத்துக்குள்ள டிசைன் பைல, பிளக்ஸ் அடிக்கற திண்டிவனத்து மிஷினுக்கு அனுப்பிடணும்."

அலீனா உட்கார்ந்தாள். படத்தை இருபது அடிக்கு இழுத்தாள். முகம் மாவாகப் பரவியது. கை தானாக அந்தச் சின்னக் கோலுக்குப் போனது. வலது பக்கம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கீழே இருந்த கறுப்புத் தீற்றல் அழுக்கு மாதிரி இருந்ததால் அதை ஒரே தேய்ப்பில் துடைத்துவிட்டு அந்த இடத்தில் மணலை நிரப்பினாள். பிறகு வழக்கம் போல மானிட்டரை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஜூஸ் கடைக்கு ஓடினாள்.

இது அவள் வேலை செய்கிற முறை. பிளக்சை எவனும் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்க மாட்டான், ரோட்டில் நின்றுதான் பார்ப்பான், அதனால் நாமும் ரோட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்பாள். டிரைவர்களெல்லாம் அவளைத் திட்டிப் பழகிவிட்டார்கள்.

ஜூஸ் கடைக்காரர் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பொண்ணு மாவு மில்லுலயா குதிக்குது?"

அவர் சொன்னது சரிதான். முகத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளை விளிம்பு. மணலெல்லாம் சரளைக்கல். பல் இரண்டு மடங்காகத் தெரிந்தது.  நாளைக்கு இது பஸ் ஸ்டாண்டு வாசலில், இருபது அடியில், ஊரே பார்க்க நிற்கும். மீசைக்கு அப்புறம் இது. அவ்வளவுதான், ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

"இது சரிப்படாது ரஞ்சித்து" என்றாள் திரும்பி வந்து. "ஒருத்தன் அனுப்பி, இன்னொருத்தன் ஸ்கிரீன் ஷாட் எடுத்து, அத மறுபடியும் அனுப்பி, எல்லாரும் மென்னு துப்புன போட்டோ இது. இதுல இல்லாதத நான் எங்கேர்ந்து கொண்டாறது? ஷார்ப் பண்ணா இருக்கறதுதான் தூக்கலாத் தெரியும். இதுல இருக்கறது அழுக்குதான். மொத மொத எடுத்த போட்டோ வேணும். எடுத்த போன்லயே கெடக்கும். உனக்கு யார் அனுப்புனா?"

"ஷோபனா டீச்சர் ஸ்டேட்டஸ்லேர்ந்து ஸ்கிரீன் ஷாட் எடுத்தேன். வல்லத்துல, கலைவாணிக்கு பி.டி. டீச்சரா இருந்தாங்களே, அவங்க."

அலீனா அதற்குள் ஸ்கூட்டியில் ஏறிவிட்டாள். "இன்னிக்கு செத்தாலும் அந்த போட்டோவப் பாத்துட்டுத்தான் சாவேன்" என்று சொன்னதைக் கேட்டுச் சர்ஃபராஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை நிமிர்ந்தான். எந்த போட்டோ என்று கேட்க வாயெடுத்தான். ஸ்கூட்டி போய்விட்டது.

வல்லம் பள்ளிக்கூட மைதானத்தில் ஷோபனா டீச்சர் விசிலோடு நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் பரபரப்புத் தொற்றிக்கொண்டது.

"நான் எடுக்கலம்மா! விழுப்புரத்துல செலக்‌ஷன் நடந்துச்சில்ல, அதுல எடுத்த போட்டோ. ரெண்டு நாள் கழிச்சி எனக்கு வாட்ஸ்அப்புல வந்துது. யாருன்னே தெரியாத நம்பரு. 'டீச்சர், இதைக் கலைவாணியிடம் கொடுக்கவும்'னு மட்டும் போட்டிருந்துது. திருப்பிக் கேட்டேன், பதிலே இல்ல. அப்பவே கலங்கலாத்தான் வந்துது, கலைவாணிக்கும் அதத்தான் அனுப்பி வெச்சேன்."

"நம்பர சொல்லுங்க டீச்சர், நான் கூப்புடறேன்."

டீச்சர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல அலீனா தன் போனில் அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் ஒரு பெயர் வந்தது. பெயரோடு, பிரியாணித் தட்டைப் பிடித்துச் சிரிக்கிற ஒரு படமும் வந்தது.

அது அவள் புருஷன்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் டீச்சர். அலீனா கூப்பிடுகிற பொத்தானை ஓங்கி அழுத்தினாள். 

"ஏங்க!" என்று போனில் கத்தினாள். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டன. "கலைவாணி போட்டோவ டீச்சருக்கு அனுப்புனது நீங்களா?"

மறுமுனையில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுகிற சத்தம். "அது வந்து... ஒரு ஆளு போன எடுத்துக்கினு வந்தாரு. அவருக்கு அனுப்பத் தெரியல. எம் போனுக்கு வாங்கி அனுப்பி வுட்டேன்."

"ஒரிஜினல் இருக்குதா?"

"அங்கியே அழிச்சிட்டேன். அவரு பாத்துக்கினே நின்னாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினுதான் போனாரு."

"பொண்டாட்டி கிட்ட கூடவா?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்னாப்புலதானே அலீனா?"

அவள் பல்லைக் கடித்தாள். "யாருங்க அந்த ஆளு? எம் பொழப்பே அதுல தொங்குது!"

 சர்ஃபராஸ் மெதுவாக, தராசில் நிறுத்துப் போடுகிற மாதிரி சொன்னான். "நான் பேரு சொல்ல மாட்டேன். சிங்கவரம் போ. அந்தப் பொண்ணப் பெத்தவரு மல்லாட்டக் கொல்லையில இருப்பாரு. அவரையே கேட்டுப் பாரு. பாத்துக்கோ, நான் பேரு சொல்லல."

அலீனா போனை இறக்கினாள். கண்ணை மூடித் திறந்தாள். "யா அல்லா" என்றாள். "அவரு போய்ப் பாத்திருக்காரு டீச்சர்!" என்று சொல்ல வந்த வாயைக் கையாலேயே பொத்திக்கொண்டு ஸ்கூட்டியை உதைத்தாள்.

சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற நேரம். கொல்லை முழுக்கச் செடியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். தேவேந்திரன் தனியாக ஒரு ஓரத்தில் குனிந்திருந்தார். தலையில் துண்டு. மற்றவர்கள் கட்டுகிற மாதிரி இல்லை அது. இடது காதுக்கு மேலே துண்டின் ஒரு முனை சேவல் கொண்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். ஊரில் அவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வது அந்தக் கொண்டையை வைத்துத்தான்.

"அண்ணா, நான் பஸ் ஸ்டாண்டு சர்ஃபராஸ் பாய் வீட்டுக்காரம்மா."

அவர் கையிலிருந்த செடியை உதறிவிட்டு நிமிர்ந்தார். "பாய் சொல்லிட்டாரா?"

"உங்க பேரையே எடுக்கலண்ணா அவரு. நானா மோப்பம் புடிச்சி வந்தேன்." அப்புறம் பிளக்ஸ், மாவு மில், நாளைக் காலை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "அந்தப் படம் வேணும்ணா. உங்க போன்ல இருக்கறது. அது இருந்தா உங்க பொண்ணு செஞ்சிக் கோட்டைக்கு மேல பறக்கறாப்புல செஞ்சிடுவேன்."

தேவேந்திரன் வரப்பில் போய் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார், அதற்குள்ளிருந்து போனை எடுத்தார், துண்டு முனையால் துடைத்தார். படத்தைத் தேடாமலே எடுத்தார். தினமும் பார்க்கிற படம் என்பது அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது.

"கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டு வந்துரலாம்னுதான் போனேன்" என்றார். "பேர கூப்புட்டாங்கோ. ஓடியாந்துது பாரு... எனக்குக் கை காலெல்லாம் ஆடிப் போச்சி. ரெண்டு கையாலயும் போனப் புடிச்சி ஒரே அமுக்கு. அது கீழ விளுந்து எழுந்திரிக்கறதுக்குள்ள நான் கேட்டுக்கு வெளிய வந்துட்டேன்."

"அத அது கிட்ட சொல்லிட்டா நாளைக்கே வீட்டுக்கு வந்துடுமேண்ணா!"

"இன்னான்னு சொல்றது? நான் வந்தேன், பாத்தேன், அதனால நீ வூட்டுக்கு வான்னா? கூலி கேக்கறாப்புல இருக்கும்மா." பிளாஸ்டிக் கவரை மடித்து மடித்து விரித்தார். "தெருவுல நின்னு கத்துன வாயி இது. வாணாம். படத்த எடுத்துக்கோ. நான் எடுத்தேன்னு நீ வாயால சொல்லக் கூடாது, பேரும் எழுதக் கூடாது. எம் பொண்ணு மேல ஆண."

 இவரையும் அந்தப் பெண்ணையும் ஒரு அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று அலீனாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தலையாட்டினாள். "சொல்ல மாட்டேன். எழுத மாட்டேன்." கொண்டு வந்திருந்த பென் டிரைவை அவர் போனில் செருகி, ஒரு துளி குறையாமல் படத்தை அப்படியே இறக்கிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பிப் படத்தைத் திறந்ததும் அவள் போட்ட கூச்சலில் ஜூஸ் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"வந்துட்டா! வந்துட்டா! பாருங்க, மணலு! மணலு தனித்தனியாத் தெரியுது!"

வெயில் சரியாக முகத்தில் விழுந்திருந்தது. நெற்றி வியர்வை, காதோரத்து மயிர், பனியனில் ஊக்கு குத்தியிருந்த எண் காகிதம், குதிகாலிலிருந்து தெறித்த மண். சாதாரண போன்தான், ஆனாலும் எடுத்தபடியே இருந்தது, யாரும் மெல்லவில்லை, யாரும் துப்பவில்லை. அலீனா முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தாள். பிறகு காலையில் செய்தது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சேமித்து, மறுபடி இழுக்கிற புத்தியெல்லாம் இல்லாமல், ஒரே தாவலில் இருபது அடிக்குக் கொண்டுபோனாள். ஷார்ப் பண்ணுகிற கோலைத் தொடவே இல்லை. அளவு, நிறம், எழுத்து எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான் அது. சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. மீசை கற்றுக்கொடுத்த பாடம்.

அப்போதுதான் கீழே பார்த்தாள்.

காலையில் அழுக்கென்று துடைத்தெறிந்த அந்தக் கறுப்புத் தீற்றல் அழுக்கே இல்லை. அது நிழல். படம் எடுத்தவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்ததால், அவர் நிழல் நீண்டு போய் மணலில் விழுந்திருந்தது. இரண்டு முழங்கையும் விரிய, இரண்டு கையாலும் போனை ஏந்திப் பிடித்த ஒரு ஆள். தலையில் துண்டு. இடது காதுக்கு மேலே சேவல் கொண்டை.

அலீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். சர்ஃபராஸ் எட்டிப் பார்த்தான், நிழலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ரஞ்சித் பசங்க படங்களோடு வந்தான். கலைவாணியைப் பார்த்து, "ஐயோ அக்கா, சூப்பருக்கா!" என்று குதித்தான். குதித்து முடித்ததும் விரலைக் கீழே நீட்டினான். "இந்தக் கறுப்ப மட்டும் எடுத்துடு. அந்த எடத்துலதானே எங்க மொகம் வரணும்?"

"அத எடுக்க முடியாது."

"இன்னாக்கா, காலைல நீதானே தொடச்ச?"

"காலைல எனக்கு புத்தி இல்ல. அது வெயிலு. மேல பறக்கற பொண்ணுக்குக் கீழ மண்ணுன்னு ஒண்ணு வேணும்ல? அது மேல உங்க கூலிங் கிளாஸ அடுக்கவா?"

"அப்ப எங்க மொகம்? பசங்க என்ன கொன்னுடுவானுங்க!"

"உங்களுக்கு மட்டும் தனியா ஒரு பிளக்ஸ் போட்டுத் தரேன். எல்லா மொகமும் ஒரே அளவு. உன் மூஞ்சி மொதல்ல. என் செலவு. இந்த நெளல்ல கை வெச்சா, அந்தப் புதுக் கடைக்கே போய்க்கோ."

இருந்த ஒரு ஆர்டரையும் காலால் உதைக்கிறாளே என்று சர்ஃபராசுக்கே பகீரென்றது. ரஞ்சித் அவளை முறைத்தான், படத்தை முறைத்தான். "மொதல்ல எம் மூஞ்சிதானே? சத்தியமா?" என்றான். அதோடு தீர்ந்தது.

கடைசியாக ஷார்ப். கோலை இழுத்தாள். கை பழக்கத்தில் ஓடியது. ரோட்டைக் கடந்து ஓடிப் போய்ப் பார்த்தாள், பின்னலைச் சுற்றி லேசாக வெள்ளை விளிம்பு. ஓடி வந்து குறைத்தாள். மறுபடி ஓடினாள். ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, ஒண்ணு இந்தப் பக்கம் இரு, இல்ல அந்தப் பக்கம் இரு!" என்று கத்தினார். இன்னும் குறைத்தாள். மயிரிழைதான் மிச்சம். ஜூஸ் கடைக்காரர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "யம்மாடி! இது எங் கடைக்குள்ள வந்து விளுந்துடும் போல இருக்குதே!" என்று ஒரு அடி பின்வாங்கினார்.

"அவ்வளவுதான், கைய எடுத்துட்டேன்" என்றாள் அலீனா. பைல் திண்டிவனத்துக்குப் பறந்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. மேளம் ஒரு பக்கம், வெடி ஒரு பக்கம். அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லோரும் கலைவாணி தங்கள் தலைக்கு மேல் தாண்டிப் போகிற மாதிரிக் குனிந்து சிரித்தார்கள். பக்கத்தில் பசங்க பிளக்ஸ். ரஞ்சித் தன் முகத்துக்குக் கீழேயே நின்று எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொண்டிருந்தான். அலீனா கடை வாசலில் நின்றாள். 

பஸ் வந்தது. கலைவாணி இறங்கினாள். மெடல், மாலை, மேளம், எல்லாவற்றுக்கும் சிரித்தாள். ஆனால் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று யாரிடமோ கேட்டாள். ரஞ்சித் அவளைப் பிடித்துத் திருப்பி, "நிமிந்து பாரு!" என்றான்.

பார்த்தாள். தன்னையே பார்த்து வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. கால், தெறித்த மண், மணல். அங்கேயே நின்றுவிட்டது.

மேளக்காரர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கலைவாணிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிளக்ஸ் பக்கத்தில் போனாள். அந்த நிழலின் தலைக்கு மேல், அந்தக் கொண்டை மேல், கையை வைத்தாள்.

"இத எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை. ரஞ்சித் அலீனாவைக் கை காட்டினான். கலைவாணி திரும்பிப் பார்த்தாள். அலீனா தன் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அவள் வாழ்நாளில் பேசாமல் இருந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

ஆனால் கண்ணைப் பொத்தவில்லை. அவள் கண் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போனது. கலைவாணியின் கண்ணும் கூடவே போனது. ஜூஸ் கடை ஓரத்தில், கூட்டத்துக்கு வெளியே, தலையில் துண்டோடு ஒரு ஆள் இரண்டு முழங்கையும் விரியப் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிழலே எழுந்து வந்து நிற்பது போல இருந்தது.

"நைனா!"

பையைப் போட்டாள். மாலை அறுந்தது. வந்த பஸ்ஸை அலீனாவே குறுக்கே விழுந்து நிறுத்தினாள். கலைவாணி ரோட்டைத் தாண்டியதை அளந்திருந்தால் அதற்கும் ஒரு தங்கம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மத்தியானம் தேவேந்திரன் கடைக்கு வந்தார். அலீனா ஒரு காதுகுத்து பிளக்சில் மூழ்கியிருந்தாள். கல்யாண ஆர்டர் ஒன்றும் காத்திருந்தது, மீசைக்காரப் பெண்ணின் அத்தை வீட்டு ஆர்டர்தான்.

"ஒரு படம் பாக்கணும்மா" என்றார், பிளாஸ்டிக் கவரைப் பிரித்தபடி. "அன்னிக்கி எடுத்தது. கெட்டுப் போச்சி. நீ ஷார்ப் பண்றதுல கில்லாடியாமே, கொஞ்சம் சரி பண்ணிக் குடு."

அவள் படத்தைத் திரையில் போட்டாள். பஸ் சாய்ந்து கிடந்தது. பாதி வானம், பாதி ரோடு. நடுவில் ஒரு பெண், முகமென்றே சொல்ல முடியாமல், வண்ணமாகக் கலங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படத்தையே மறைக்கிற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். ஒரு மயிரிழை கூடத் தெளிவாக இல்லை.

அலீனாவின் கை மவுசுக்குப் போனது. அந்தச் சின்னக் கோல் வரைக்கும் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்ஃபராஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை எடுத்துவிட்டாள்.

"இத நான் தொட மாட்டேண்ணா."

"ஏம்மா, அவ்ளோ கெட்டுப் போச்சா?"

"கெடல." அலீனா திரையைத் தொட்டுக் காட்டினாள். "உங்க பொண்ணு உங்க கிட்ட ஓடியாறது. மங்கலாத்தான் இருக்கும். பெரிசு மட்டும் பண்ணித் தரேன். இன்னா அளவு?"

தேவேந்திரன் யோசித்தார். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். போதாது என்று தோன்றியது போல, இன்னும் கொஞ்சம் விரித்தார்.

"வூட்டுக்குள்ள நொழஞ்சதும் தெரியணும்" என்றார். "இரு, எதுக்கும் பொண்ண ஒரு வார்த்த கேட்டுக்கறேன்." ரோட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். வெளியே, அவருடைய பழைய டி.வி.எஸ் வண்டியில், மல்லாட்டை மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்த கலைவாணி திரும்பிப் பார்த்தாள்.